பாம்பெய் முதலில், ஒயின் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலியின் நேப்பிள்ஸ் பயணக் கட்டுரை, முற்பகலில் திராட்சைத் தோட்டத்தில் ஒயின், பிற்பகலில் வெசூவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய நகரமான பாம்பெய், மாலையில் அந்த எரிமலையின் உச்சி என்று மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறது. ஏட்டுச் சுரைக்காய்க் கணக்கு இது. ஐந்து கோப்பை ஒயினை இறக்கிவிட்டு, நிழல் அற்ற பாம்பெய்த் தெருவில் மதியம் இரண்டு மணிக்கு நிற்பவருக்கு இடிபாடும் மனதில் ஏறாது, குடித்ததன் ருசியும் தங்காது. எரிமலை வாய்க்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கியிருக்க வேண்டும். வண்டி சுமார் 1,000 மீட்டர் உயரம் வரைதான் போகும். மிச்ச ஏற்றம் சரளைக்கல்லில் நடை. அதை வேறொரு நாளுக்கு விட்டுவிடுவதே நல்லது. மற்ற இரண்டும் ஒரே நாளில் அருமையாகப் பொருந்தும், ஆனால் வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் சீட்டு. 2024 நவம்பர் முதல் பாம்பெய்க்குள் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. சீட்டில் பெயர் இருக்கும், அது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். தலைப்பெழுத்தை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதிவிட்டு வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். 'எக்ஸ்பிரஸ்' சீட்டு நகரத்துக்கு மட்டும். 'பிளஸ்' சீட்டு வாங்கினால் மதிலுக்கு வெளியே உள்ள மாளிகைகளும் சேரும். ஒயினுக்காகப் போகிறவர் பிளஸ்தான் வாங்க வேண்டும், காரணம் கீழே. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும், அன்று போகாதீர்கள். 30க்கு 30க்கு 15 செ.மீ. அளவைத் தாண்டிய பையை உள்ளே அனுமதிப்பதில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் வேறு வாசல் வழியாக வெளியேறப் போகிறவர் பையை எடுக்கத் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். பையே இல்லாமல் போவது உத்தமம்.

கட்டுரை சொல்லும் ரயில் சரிதான், நிலையம்தான் எனக்கு ஒப்பவில்லை. சோரெந்தோ செல்லும் சர்க்கும்வெசூவியானா ரயிலில் ஏறி 'பாம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்கினால் போர்த்தா மரீனா வாசல் எதிரிலேயே இருக்கும். எல்லோரும் அங்கேதான் இறங்குகிறார்கள், வரிசையும் அங்கேதான் நீளம். அதே நிறுவனத்தின் போஜோமரீனோ தடத்தில் போனால் 'பாம்பெய் சந்துவாரியோ' என்ற நிலையம் வரும். அங்கிருந்து ஏறக்குறைய பத்து நிமிட நடையில் நகரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள அரங்க வாசல். ரயில் எண்ணிக்கை அந்தத் தடத்தில் குறைவு, நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடமும் நேப்பிள்ஸில் போர்த்தா நோலானா நிலையத்தில் தொடங்குகின்றன. அடுத்த நிலையமான கரிபால்டியில்தான் கூட்டம் மொத்தமும் ஏறும் என்பதால், உட்கார இடம் வேண்டுமென்றால் நோலானாவுக்கே நடந்து போய் ஏறுங்கள். பணப்பை முன்பாக்கெட்டில் இருக்கட்டும்.

கிழக்கில் நுழைந்து மேற்கு நோக்கி நடப்பதில் வேறொரு லாபமும் உண்டு. ஒயின் எப்படி விளைந்தது, எங்கே விற்றது, எப்படிப் பிழிந்தது என்று வரிசையாகவே பார்த்துக்கொண்டு போகலாம். கடைசியில் வெளியே வரும் இடம் தோட்டங்களுக்கு அருகில்.

அரங்கத்துக்கு எதிரில் இருக்கும் பெரிய மனையைப் பார்க்காமல் பலர் கடந்துவிடுவார்கள். நீண்ட காலம் அதை மாட்டுச் சந்தை என்றே எண்ணியிருந்தார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி 1960களில் அங்கே தோண்டியபோது மண்ணில் துளைகள் வரிசை வரிசையாகத் தென்பட்டன. கி.பி. 79இல் எரிமலைக் கல்லும் சாம்பலும் மூடிய பிறகு வேர்கள் மக்கிப்போய், அவை இருந்த இடம் மட்டும் பொந்தாக மிஞ்சியிருந்தது. பொந்துக்குள் உதிர்ந்து கிடந்த சிறு கற்களை எடுத்துவிட்டுச் சிமெண்டை ஊற்றி, இறுகியபின் சுற்றியுள்ள மண்ணை விலக்கினால் வேரின் அச்சு அப்படியே கிடைக்கும். இப்படி 2,000க்கும் மேற்பட்ட திராட்சைக் கொடிகள் அங்கே இருந்தது தெரியவந்தது. கொடிக்குக் கொடி நான்கு ரோமானிய அடி இடைவெளி, நம் கணக்கில் சுமார் 1.2 மீட்டர். மதிலுக்குள், ஊர் நடுவே, அத்தனை பெரிய தோட்டம். அதற்குள்ளேயே பிழியும் இடமும், புதைத்து வைத்த தாழிகளும், வெட்டவெளியில் சாய்ந்து உண்ணும் கல் மேடையும். அரங்கத்தில் வாள்சண்டை பார்க்க வந்தவர்களுக்கு எதிரிலேயே வியாபாரம் நடந்திருக்கிறது. 1996இல் மாஸ்த்ரோபெரார்தினோ என்ற ஒயின் குடும்பத்தார் தொல்லியல் துறையோடு சேர்ந்து நகரத்துக்குள் மறுபடி கொடி நட்டார்கள். அதிலிருந்து பிழிந்த முதல் ஒயின் 2001ஆம் ஆண்டு அறுவடையினது.

அங்கிருந்து அபொந்தான்சா வீதியில் மேற்கே நடந்தால் தெருவைப் பார்த்த மேடையில் தாழி பதித்த கடைகள் வரும். சூடான உணவும் பானமும் விற்ற தெர்மோபோலியம் இவை. எல்லாத் தாழியிலும் ஒயின் இருந்தது என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பருப்பு, கொட்டை போன்ற உலர்ந்த சரக்கும் இருந்திருக்கிறது. ஆனால் 2020இல் முழுமையாகத் தோண்டிய ஒரு கடையில், ஒயின் இருந்த தாழியின் அடியில் அரைத்த மொச்சை கிடைத்தது. ஒயினின் நிறத்தையும் சுவையையும் திருத்த அதைப் போடுவது அக்கால வழக்கம். விலையும் தெரியும். ஒரு மதுக்கடைச் சுவரெழுத்து, ஓர் ஆஸ் காசுக்குச் சாதா ஒயின், இரண்டுக்கு அதைவிட நல்லது, நான்கு கொடுத்தால் ஃபலேர்னிய ஒயின் என்கிறது. ஃபலேர்னியம் நேப்பிள்ஸுக்கு வடக்கே விளைந்த உயர்தரச் சரக்கு. உள்ளூர்ச் சரக்கின் பெயர் அவ்வளவு நன்றாக இல்லை. வெசூவியஸ் வெடிப்பிலேயே உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, பாம்பெய் ஒயினைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்து பயனில்லை, குடித்தால் மறுநாள் நண்பகல் வரை தலைவலி என்று எழுதிவைத்திருக்கிறார்.

நகரச் சதுக்கத்தின் பக்கவாட்டில் கம்பிக்குப் பின்னால் சாடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவசரமாகப் போகிறவர்களும் தயவுசெய்து இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஆம்போரா என்று பெயர். ஒரு முழு ஆம்போரா ஏறக்குறைய 26 லிட்டர். அடி கூம்பாக இருப்பது கப்பலில் ஒன்றன் தோளிடுக்கில் இன்னொன்றைச் செருகி அடுக்குவதற்கு. இந்த வட்டாரத்துச் சாடியின் உடைந்த விளிம்பில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். அது எரிமலைக் கனிமம் கலந்த கரிய மணல். அதே கரும்புள்ளி கொண்ட சாடித் துண்டுகள் அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலை நாளும் அருந்தி மகிழ்க என்று புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறாரே, அந்தத் தேறல் வெசூவியஸ் அடிவாரத்துடையதுதான் என்று சாதிக்க முடியாது; அரிக்கமேட்டில் கிரேக்கத் தீவான கோஸ் பாணிச் சாடிகளே மிகுதி. ஆனாலும் இந்த மண்ணின் ஒயினும் நம் கரையில் இறங்கியது என்பதற்கு அந்தக் கரும்புள்ளிகள் சாட்சி. பயணத்துக்கு முன் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தவருக்குப் பாம்பெய்யில் கண் தானாகத் திறக்கும்.

கடைசியாக வடமேற்கு மூலையில், மதிலைத் தாண்டி, மர்ம மாளிகை. எல்லோரும் செந்நிறச் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே வீட்டில் ஒயின் செக்கு ஒன்றைப் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கடா முகம் செதுக்கிய நீண்ட உத்தரம். அதன் ஒரு முனை சுவரோரம் மாட்டியிருக்கும், மறுமுனையை வடமும் உருளையும் கொண்டு கீழே இழுப்பார்கள். காலால் மிதித்து முதல் சாற்றை எடுத்தபின் மிஞ்சும் சக்கையைப் பிழிய இது. சாறு வாய்க்கால் வழியே ஓடித் தாழிக்குப் போகும். கழுத்து வரை மண்ணில் புதைத்து, உட்புறம் கீல் பூசிய தாழி அது. புதைப்பது சூட்டைச் சீராக வைக்க, கீல் பூசுவது கசியாமலிருக்க. அந்தத் தாழிகளை வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஊரான போஸ்கோரெயாலேயில் உள்ள வில்லா ரெஜீனா என்ற பண்ணை வீட்டுக்குப் போக வேண்டும். அதன் முற்றத்தில் பதினெட்டுத் தாழிகள் வாய் தெரியப் புதைந்திருக்கின்றன. பிளஸ் சீட்டில் அதுவும் அடக்கம், ஆனால் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

காலை ஒன்பதுக்கு நுழைந்தால் பன்னிரண்டரைக்கு மாளிகை வாசலில் வெளியே வந்துவிடலாம். மூன்றரை மணி நேரத்தில் நகரம் முழுவதையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். தெருக்கல் வழுவழுப்பானது, நடுவே வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளம் வேறு, செருப்பு உதவாது. குடிநீர்க் குழாய் உள்ளே உண்டு, காலிப் புட்டி போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் பாம்பெய்யை விட்டுவிட்டு, அதே வெடிப்பில் புதைந்த சிறிய ஊரான ஹெர்குலேனியம் போங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும், கருகிய மர உத்தரங்கள்கூட அங்கே அப்படியே நிற்கின்றன.

தோட்டங்கள் வெசூவியஸின் தென்சரிவில், போஸ்கோத்ரெகாசே, தெர்த்சீனோ ஊர்களைச் சுற்றி. பாம்பெய்யிலிருந்து காரில் பதினைந்து இருபது நிமிடம். பேருந்தை நம்ப வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே வண்டி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பல தோட்டங்கள் அனுப்பும். எந்த வாசலில் நிற்பீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். இந்தப் பயணத்தில் அதிகம் சொதப்புவது இதுதான்: ஓட்டுநர் போர்த்தா மரீனாவில் காத்திருப்பார், பயணி மர்ம மாளிகையில் நிற்பார். வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டுவது என்றால் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. இத்தாலியில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குச் சுழியம். கணக்கைப் பாருங்கள்: 60 மில்லி வீதம் ஐந்து கோப்பை, 12.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால், 330 மில்லி பீர்ப் புட்டி இரண்டுக்கு மேல். மேசையில் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் துப்புவார்கள்.

இங்கே ஊற்றும் ஒயினின் பெயர் 'லாக்ரிமா கிறிஸ்தி', கிறிஸ்துவின் கண்ணீர். லூசிபர் சொர்க்கத்தில் ஒரு துண்டைத் திருடிக்கொண்டு வந்து இங்கே போட, அதைக் கண்டு கிறிஸ்து அழுதார், கண்ணீர் விழுந்த இடத்தில் கொடி முளைத்தது என்பது கதை. 1983 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர். வெள்ளைக்குக் காப்ரெத்தோனே, கோதா தி வோல்பே (நரிவால்) திராட்சைகள். சிவப்புக்குப் பெரும்பங்கு பியெதிரோஸ்ஸோ. காம்பு புறாக்காலைப்போல் சிவந்திருப்பதால் அந்தப் பெயர். தோட்டக்காரர் கொடியின் அடியைக் காட்டினால் உற்றுப் பாருங்கள், பல இடங்களில் ஒட்டு இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியால் எரிமலை மணலில் வளை பறித்துப் பிழைக்க முடியாது. அதனால் மற்ற இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டும்போது, இங்கே கொடியை வளைத்து மண்ணில் பதியம் போட்டே புதுச்செடி எடுக்கிறார்கள். மல்லிகைப் பதியம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

நுரைக்கும் வெள்ளை, பிறகு வெள்ளை, ரோஜா நிறம், சிவப்பு என்ற வரிசையில்தான் கொடுப்பார்கள். மாற்றிக் கேட்காதீர்கள், சிவப்புக்குப் பின் வெள்ளை தண்ணீர்போல் ஆகிவிடும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போனால் உங்களுக்கும் பக்கத்து மேசைக்கும் சேர்த்துக் கெடும். பெப்பர்மின்ட், பாக்கு, ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய் எதுவும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வேண்டாம். சிவப்பில் சில சமயம் தீக்குச்சி உரசியது போன்ற, சற்றே முட்டை வாடை வரும். எரிமலையின் கந்தகம் என்று பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொல்வார். உண்மை வேறு. பியெதிரோஸ்ஸோ நொதிக்கும்போது காற்று போதாவிட்டால் அந்த வாடை ஏறும். கோப்பையை இரண்டு நிமிடம் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் செர்ரியும் ஜெரேனியம் இலையும் வரும். வாடை போகவில்லை என்றால் புட்டியில்தான் கோளாறு, வேறு கேட்கலாம்.

சைவர்கள் முன்பதிவிலேயே இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மீனை அங்கே இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். பியென்னோலோ என்ற கொத்துத் தக்காளியைப் போட்ட ஸ்பகெத்தி கேளுங்கள், அதுவும் இதே எரிமலை மண்ணில் விளைந்ததுதான்.

வாங்கி வருவது பற்றி ஒரு வார்த்தை. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வை இல்லை. 750 மில்லிப் புட்டி இரண்டு தாராளம். மூன்றாவது வைத்தால் 250 மில்லி அதிகமாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி