'அரசனின் தீமை' அல்ல, கண்டமாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். சிறுவயதில் அவரை 'அரசனின் தீமை' பீடித்திருந்தது என்று அதில் ஒரு வரி. படிப்பவர்கள் ஏதோ சாபம் என்றல்லவா நினைப்பார்கள்? அது ஒரு நோயின் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியது. காசநோய்க் கிருமியால் கழுத்தில் நெறி கட்டி, வரிசையாக வீங்கி, உடைந்து சீழ் வடியும். அன்றைய மருத்துவர்கள் ஸ்க்ரோஃபுலா என்றார்கள்.

லத்தீனில் ஸ்க்ரோஃபா என்றால் தாய்ப்பன்றி. ஸ்க்ரோஃபுலா, சின்னப் பன்றி. கிரேக்கர்களும் பன்றியை வைத்தே இந்நோய்க்குப் பெயரிட்டிருந்தார்கள். கட்டிகள் பன்றிக்குட்டிகளைப் போலத் தெரிந்ததால் என்பார்கள் சிலர்; பன்றிகளுக்கு இது அதிகம் வரும் என்ற நம்பிக்கையால் என்பார்கள் வேறு சிலர்.

சரி, அரசன் எங்கே வந்தான்? இங்கிலாந்திலும் பிரான்சிலும் மன்னர் கை பட்டால் இது குணமாகும் என்று நம்பினார்கள். 1712-இல் இரண்டரை வயது ஜான்சனை அவர் தாய் லண்டனுக்குக் கொண்டுபோய் ஆன் அரசியின் கை அவர்மேல் படச் செய்தார். அப்போது கிடைத்த காசை ஜான்சன் கடைசிவரை கழுத்தில் அணிந்திருந்தார். நோய் மட்டும் போகவில்லை. கட்டிகளைக் கீறிய தழும்புகள் நின்றுவிட்டன. அரசிக்குப் பின் வந்த முதலாம் ஜார்ஜ் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்.

1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு ஸ்க்ரோஃபுலா என்ற பழைய பெயர் மெல்ல வழக்கொழிந்தது. ஆனால் செடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்நோய்க்கு மருந்தென்று நம்பப்பட்ட செடிக்கு ஸ்க்ரோஃபுலேரியா என்று பெயர். அதன் குடும்பம் ஸ்க்ரோஃபுலேரியேசி. நம் நீர்ப்பிரமியை அந்தக் குடும்பத்தில் வைத்துத்தான் நான் பல வருடம் பாடம் நடத்தினேன். இப்போது அதை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தமிழில் இதற்குக் கண்டமாலை என்ற சொல் சித்த மருத்துவத்தில் இருக்கிறது. கண்டம் கழுத்து; மாலைபோல் அதைச் சுற்றி வரும் கட்டிகள். பன்றியைவிட எவ்வளவு துல்லியமான பெயர்! என் அப்பத்தாவின் கழுத்தில் வரிசையாக மூன்று தழும்புகள் இருந்தன. கேட்டால், "கண்டமாலை வந்து பொழச்சவ நான்" என்பார். அந்தச் சொல் கைவசம் இருக்கும்போது 'அரசனின் தீமை' எதற்கு? அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தென்காசி