எலியேசர் என்ன கண்டார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் 1921 ஜனவரியில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இந்நாட்டின் விஞ்ஞான, தொழில்நுட்ப வளர்ச்சியில் பல்கலைக்கழகம் வகித்த பங்கு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இலேயே இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தது, தர்ஸ்டன் வீதி மாளிகையில் மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத் தயார்செய்தது, 1942இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து அது இலங்கைப் பல்கலைக்கழகமானது எல்லாவற்றையும் கட்டுரையாளர் கோவையாகத் தந்திருக்கிறார். உழைத்து எழுதியிருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

ஆனால் எனக்கு ஒரு பெரிய குறை. பேராசிரியர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இன்ன ஆண்டில் பீடாதிபதி, இன்ன நாட்டில் கலாநிதிப் பட்டம், இன்ன விருது என்று இருக்கிறது. அவர்கள் எதை ஆராய்ந்தார்கள், என்ன கண்டார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. இந்தக் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. நம்முடைய நினைவு மலர்களும் பாராட்டு விழாக்களும் அஞ்சலிக் கூட்டங்களும் இப்படித்தான் நடக்கின்றன. உயர்தர வகுப்புகளுக்குத் தமிழில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். "இவர் பெரிய விஞ்ஞானி" என்று வகுப்பில் சொன்னால், "என்ன செய்தவர் சேர்?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடைதரும் ஒரு பக்கத்தைத் தமிழில் தேடி எடுப்பது எனக்கு எப்போதும் பெரும்பாடாக இருந்தது.

கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோகும் பேராசிரியர் சி. ஜே. எலியேசரை எடுத்துக்கொள்வோம். 1949 முதல் 1959 வரை கொழும்பில் கணிதப் பேராசிரியர், பிறகு மலாயா, பிறகு அவுஸ்திரேலியா என்று முடிந்துவிடுகிறது. அவர் கேம்பிரிட்ஜில், புகழ்பெற்ற பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவராக இருந்தபோது, 25 வயதளவில், 1943இல் வெளியிட்ட ஆய்வு எத்தனை அழகானது! மின்னேற்றமுள்ள ஒரு துணிக்கை ஆர்முடுகும்போது, அதாவது அதன் வேகம் மாறும்போது, கதிர்வீசிச் சக்தியை இழக்கிறது. அந்த இழப்பு துணிக்கையின் இயக்கத்தையே திரும்பப் பாதிக்கும். இதையும் சேர்த்துக்கொண்ட சமன்பாட்டை டிராக் 1938இல் கொடுத்திருந்தார். எலியேசர் அதை மிக எளிய ஒரு நிலைமையில் வைத்துப் பார்த்தார். ஓர் இலத்திரன் ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகிறது. எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவரும், ஆகவே இரண்டும் மோதத்தான் வேண்டும் என்று எந்த மாணவரும் சொல்வார். கணக்கோ வேறு விடை தந்தது. அந்தச் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை எட்டவே எட்டாது. வழியில் நின்று, திரும்பி, மேலும் மேலும் வேகமெடுத்து விலகி ஓடிவிடும். இயற்கையில் அப்படி நடக்க வழியில்லை. ஏற்றத்தைப் புள்ளியாகக் கொள்ளும் பழைய கொள்கையின் அடியில் தீராத ஒரு சிக்கல் கிடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய உதாரணங்கள் குறைவு. அந்தச் சிக்கலை ஆராய்வோர் பின்னரும் அவர் பெயரைச் சொல்லியே இந்த முடிவைக் குறிப்பிட்டு வருகிறார்கள். உயர்தர மாணவருக்கு இதன் சாரத்தை ஒரு பாடவேளைக்குள் விளக்கிவிடலாம். நம் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துப் போன ஒருவர், தம் குருவின் சமன்பாட்டைக் கையில் எடுத்து அதன் எல்லை எங்கே என்று காட்டினார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

பேராசிரியர் அழகையா துரைராஜாவை நம்மவர்கள் போர்க்கால யாழ்ப்பாணத்தின் துணைவேந்தராக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த மதிப்புக்கு அவர் முழுதும் உரியவர். ஆனால் மண் பற்றி அவர் செய்த ஆய்வு உலகெங்கும் பொறியியல் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது என்பதை எத்தனை வாசகர் அறிவர்? பொறியியற் பீடம் பேராதனைக்குப் போகுமுன், கொழும்பில் இருந்த காலத்தில் படித்து வெளியேறியவர் அவர். பின்னர் கேம்பிரிட்ஜில், மண்ணை அமுக்கிச் சரியவைக்கும்போது நாம் செய்யும் வேலை எங்கே போகிறது என்று அளந்தார். ஒரு பகுதி மண்ணின் கனவளவை மாற்றுகிறது, எஞ்சியது மணிகளுக்கிடையிலான உராய்வில் செலவாகிறது. உராய்வில் செலவாகும் பகுதிக்கும் மண் தாங்கும் சராசரி அழுத்தத்துக்கும் எளிய ஒரு தொடர்பு உண்டு என்பது அந்த அளவீடுகளிலிருந்து வந்தது. 1963இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் இருவருடனும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, இன்று 'கேம் களி' (Cam clay) என்று அழைக்கப்படும் களிமண் கணித மாதிரிக்கு அடித்தளம் இட்டது. அதன் வழிவந்த மாதிரிகளைக் கொண்டே அணைக்கட்டு, அத்திவாரம், சுரங்கப்பாதை ஆகியவற்றின் கீழுள்ள மண் எவ்வளவு இறங்கும், எப்போது சரியும் என்று இப்போது கணினியில் கணிக்கிறார்கள். சதுப்பை நிரப்பி நிரப்பி வீடு கட்டிய கொழும்பில், அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமா?

மருத்துவ பீடத்தின் கதை இன்னும் பழையது. அதன் வேர் 1870இல் தொடங்கிய மருத்துவப் பாடசாலையில் இருக்கிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்துத் தெளிப்பு வந்தபின், 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே நோய் கண்டது. கவனிப்பைத் தளர்த்தியதும் 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. கடைசியில் 2016 செப்டெம்பரில்தான் மலேரியா ஒழிக்கப்பட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. களத்தில் இறங்கி இதைச் சாதித்தவர்கள் மலேரியா தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள். அதே காலத்தில் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. 1980களில் கொழும்பு மருத்துவ பீடத்தில் பேராசிரியை காமினி மென்டிஸும் அவருடைய குழுவினரும், மலேரியா கண்ட நம் நோயாளரின் இரத்தத்தில் ஒரு விசேட எதிர்ப்பு உருவாவதைக் காட்டினார்கள். அந்த இரத்தத்தைக் குடிக்கும் நுளம்பின் வயிற்றுக்குள்ளேயே கிருமியின் வளர்ச்சியை அது தடுத்துவிடும். நோயாளிக்கு அதனால் நேரடிச் சுகம் இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கு நோய் போகாது. கொழும்பு ஆய்வுகூடத்தில், கொழும்பு இரத்த மாதிரிகளில் கண்ட இந்த முடிவு தங்கள் கட்டுரையில் ஏன் இடம்பெறவில்லை?

கணினித் துறையைக் கட்டுரையாளர் ஓரளவு விரிவாகவே எழுதியிருக்கிறார், கொழும்பில் கணினிக் கல்வியின் முன்னோடியான பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1990இல் இந்நாட்டின் இணையப் பெயர்வெளி, அதாவது '.lk' என்று முடியும் முகவரிகள், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தவர் கையில் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகவே 2010இல் '.இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முகவரி எழுதும் வசதி நமக்குக் கிடைத்தது.

பல்கலைக்கழகம் "எல்லோருக்கும் கதவைத் திறந்தது" என்ற வரியையும் நான் அப்படியே ஏற்க முடியாது. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். விஞ்ஞானத்தின் நூறாண்டைச் சொல்லும்போது ஆய்வுகூடத்துக்குள் யார் விடப்பட்டார், யார் வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதும் எழுதப்பட வேண்டும். இன்னொரு விடயம் பணம். ஆராய்ச்சிக்கு இந்நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது. நம் வரிப்பணத்தில் என்ன கண்டுபிடிக்கப்படுகிறது என்று மக்களுக்கு யாரும் விளக்காதபோது, அந்தத் தொகையைக் கூட்டச்சொல்லிக் கேட்க மக்களில் யார் வருவார்?

ஆகவே என் கோரிக்கை இது. வாரம் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். ஓர் ஆய்வாளர், அவர் கண்ட ஒரே ஒரு முடிவு, அதை விளக்கும் ஒரு படம், அவ்வளவு போதும். உயர்தரம் படிக்கும் பிள்ளை அகராதி இல்லாமல் வாசிக்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். மறைந்தவர்களோடு நின்றுவிடாமல், இப்போது கின்சி வீதி மருத்துவ பீடத்திலும் தர்ஸ்டன் வீதிப் பல்கலைக்கழகத்திலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையிலும் வேலைசெய்யும் இளம் விரிவுரையாளர்களையும் தேடிப் பிடியுங்கள். எழுத நேரமில்லை என்று சிலர் சொல்லலாம். அப்படியானவர்களிடம் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டு எழுதலாம். எழுதுபவர்களுக்குச் சன்மானமும் கொடுங்கள். கட்டுரைகளை மாணவர் நடைக்குக் கொண்டுவரவும் படங்களைச் சரிபார்க்கவும் ஆள் தேவைப்பட்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். என்னோடு கற்பித்து ஓய்வுபெற்ற இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர்களும் ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.