வடக்குப் பக்கத்துக் கிணறு

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகளுக்குக் கேட்ட இடத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. கணக்கு வாத்தியார் இன்னமும் உன்னைத்தான் முதலில் விசாரிக்கிறார். நீயும் ஒழுங்கில்லை, உன் கடைசிக் கடிதத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

இப்போது எழுத வைத்தது ஒரு கிணறு.

போன ஞாயிற்றுக்கிழமை, கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி வடக்கே நடந்தேன். கல் கொட்டிய பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. நம் பக்கம் கரை பெருத்துக் கிடக்கிறது. படகு கட்டும் கம்பம் கழுத்துவரை மணலில் புதைந்துவிட்டது. கற்களின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் கால் வைக்க மணல் இல்லை. இடுப்பளவுக்குக் கரை செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. வெட்டின் முகத்தில் கிளிஞ்சல் ஒரு வரி, கறுப்பு மணல் ஒரு வரி, அவற்றைக் கிழித்துக்கொண்டு தொங்கும் வேர்கள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு தூண் தெரிந்தது. நெருங்கிப் பார்த்தால் உறைகிணறு. சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், ஐந்து உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நிற்கின்றன. மேல் உறையின் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்கள். அலை வரும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் ஏறி இறங்குகிறது. நீ வாளியைத் தவறவிட்ட அதே கிணறுதான்.

கரைமேல் நின்ற ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “கல் கேட்டு மனு எழுதியது நீங்கள்தானே, ஐயா?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். மனுவை எழுதியது நான். இரண்டாவது கையெழுத்து உன்னுடையது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

உனக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? முப்பது வருடம் துறைமுகத்தில் மணல் வாரியவன் நீ. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனம் தெளிகிறது. அலை கரையைச் சாய்வாக வந்து தொடுகிறது, திரும்பும்போது நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல் ஓரடி பக்கவாட்டில் நகர்கிறது. கரை நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரிந்ததற்குக் காரணம், போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து வந்துகொண்டே இருந்ததுதான். வரவை நாம் கல் போட்டு மறித்தோம். செலவு மட்டும் வடக்கே அப்படியே தொடர்கிறது. கடல் தின்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய மணல் நம் பக்கத்துக் கம்பத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. (ஆறு கொண்டுவரும் மணலில் பாதியை அணையிலும் மீதியை லாரியிலும் நிறுத்திவிட்ட கதையை எடுத்தால் இந்தக் கடிதம் முடியாது.)

மெரினாவின் அகலத்தைக் கண்டு வியக்கிறோமே, அதில் பெரும்பங்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த துறைமுகச் சுவர் பிடித்துவைத்த மணல். அதற்கு விலையாக ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர்கள் வந்தன. தெற்கே சேரும் மணலை பம்ப் வைத்து வடக்கே தள்ளவேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் முன்னால் மணல் போய்ப் பாறை வந்தது. பாறையை நீட்ட நீட்ட, அரிப்பும் வடக்கே மீனவர் கிராமங்களை நோக்கி நீண்டது.

இப்போது வடக்குப் பக்கத்தார் தங்களுக்கும் கல் வேண்டும் என்று மனு தயாரிக்கிறார்கள், என்னையே எழுதித் தரச் சொல்கிறார்கள். எந்த முகத்தோடு மறுப்பேன்? எழுதிக் கொடுத்தாலோ, அதற்கும் வடக்கே இருப்பவர்கள் வீட்டில் இன்னொரு கிணறு வெளியே வரும். சுவராகவே எழுப்பினாலும் தீராது. சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியைத் தோண்டும், கல் இறங்கும், மேலே மறுபடியும் கல் கொட்டுவார்கள். வலை காயவைக்க ஒரு முழம் மணல் மிஞ்சாது.

நான் கேட்க நினைப்பது வேறு. நம் பக்கம் சேர்ந்த மணலை எடுத்து அந்தப் பக்கம் போடவேண்டும், ஒரு தடவையோடு நிறுத்தாமல் வருடா வருடம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960களில் கற்சுவர்களை நீட்டினார்கள். வடக்கே கோல்ட் கோஸ்ட் கரைகள் மெலிந்தன. 2001 முதல் தெற்கே மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். அங்கும் தொடக்கத்தில் அளவு மிஞ்சி, கிர்ரா கரை மணலால் அடைத்துப்போனது. ஆகவே எவ்வளவு, எந்த மாதத்தில் என்று கணக்குத் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு வராது, உனக்கு வரும்.

இதில் பெரிய சிக்கல் நம் ஆட்கள்தான். “எங்கள் மணலை ஏன் கொடுக்கவேண்டும்?” என்று இப்போதே கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கூட இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் சொன்னால் வாத்தியார் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். மணலோடு வேலை பார்த்தவன் நீ. நீ சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. முழங்கால் வலி என்று எழுதாதே; பஸ் நிலையத்துக்கு வண்டியோடு வருகிறேன். சனிக்கிழமையே வந்துவிடு. இருட்டுவதற்குள் உன்னை வடக்குப் பக்கம் அழைத்துப் போகவேண்டும். நேற்றுக் காலை பார்த்தேன், மேல் உறை சரிந்துவிட்டது.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரன்