வாய்க்குள் பார்க்கவும் பழக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் விருந்து முடிந்தால் வெற்றிலைத் தட்டு வந்தே தீரும். புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதல் இல்லை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முற்றிய புற்றுநோய்க் கட்டிகளை வார்டில் நிறையப் பார்த்துவிடுகிறார்கள். கன்னத்தின் உள்பக்கம் படியும் வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாத நிலை, வாய்ப் புற்றுநோய்க்கு முன்னெச்சரிக்கையான இவற்றைக் கண்டுபிடிக்க அல்லவா முதலில் கை பழக வேண்டும்? ஒரு டார்ச் லைட்டும் சில நிமிடங்களும் போதும். நாக்கை ஓரமாக நகர்த்தி அடியிலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பரிசோதனையும் அப்படித்தான்: நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதல் உள்ள இடம் வெளுத்துக் காட்டும்.

மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சரி, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த வீடுகளில் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே பெரியவர்களின் வாயையும் பார்க்கட்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றித் தாய்மார்களிடம் பேசட்டும். இதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள்.

- ஒரு வாசகர், காரைக்குடி