ஜூனில் வரும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, காலையில் மார்க்கெட் வரைக்கும் நடந்தே போய்வருகிறார்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பெங்களூரில் இறங்கி அங்கேயே ரூம் போட்டு, மறுநாள் காலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், மத்தியானம் கோளரங்கம், சாயங்காலம் ஏதோ மாலில் விளையாட்டுக்கூடம், அப்புறம்தான் கிருஷ்ணகிரி. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. முதலில் நேரே வீட்டுக்கு வாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். உன் பிள்ளைகள் இங்கே விடிகாலை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்து பால் கேட்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னாலேயே தூங்கி விழுவார்கள். அந்த நேரத்தில் மாலுக்குக் கூட்டிப்போனால் யாருக்குச் சந்தோஷம்?

உன் அண்ணன் போன லீவில் அவன் பிள்ளைகளை அப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனான், நாங்களும் போனோம். சாக்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அங்கேயே விற்கிறார்கள், வெளியில் வாங்குவதைவிட விலை அதிகம். உள்ளே போனால் பாட்டுச் சத்தம், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. பெரியவன் சறுக்குமரத்தில் குதித்துக் களித்தான், அவனுக்கு அது சரி. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு என் மடியிலிருந்து இறங்கவேயில்லை. கட்டின காசு போகிறதே என்று அப்பா அவளைப் பந்துக் குவியலில் இறக்கப் பார்த்தார். அவள் போட்ட கூச்சலில் அந்தப் பாட்டே அடங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் நானே இரண்டு பேரையும் நம்ம ஊர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். 1993-இல் ஆரம்பித்தது. நீ அப்போது பால்வாடியில் இருந்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவர எத்தனையோ தடவை அதைக் கடந்திருப்போம், உன்னை ஒரு தடவைகூட உள்ளே அழைத்துப்போனதாக நினைவில்லை. யாராவது வெளியூரிலிருந்து வந்தால் அணைக்குத்தானே ஓடுவோம்.

பெரிய இடமெல்லாம் இல்லை. நீங்கள் பார்த்துப் பழகிய மாதிரி பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிற சமாச்சாரமும் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒன்று அங்கே இருக்கிறது, நடுகல். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதையெல்லாம் நாலு வயசுப் பிள்ளைக்குத் தூக்கித்தான் காட்டணும், பத்து நிமிஷத்தில் உன் இடுப்பு போய்விடும். நடுகல் தரையோடு நிற்கும். அதில் செதுக்கியிருக்கிற வீரன் சின்னவளுக்கு நேருக்கு நேர் நிற்கிறான். அவளாகவே போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இந்தக் கல் இல்லாத வட்டாரமே இல்லை என்பது உனக்குத் தெரியும். மாட்டைக் கவர்ந்துகொண்டு போகிறவர்களை மறித்துச் சண்டை போட்டுச் செத்தவனுக்கும், புலியோடு மோதி உயிர்விட்டவனுக்கும் ஊர் எடுத்த கல். கையில் வாளும் வில்லும் இருக்கும், உடம்பில் அம்பு தைத்திருக்கும், சிலதில் மூலையில் மாடும் நிற்கும். பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் உண்டு, அதில் வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. பிற்காலத்துக் கல் சிலதில் அடுக்கடுக்காகச் செதுக்கியிருப்பார்கள். கீழே சண்டை, நடுவில் தேவலோகப் பெண்கள் அவனை மேலே அழைத்துப்போகிறார்கள், உச்சியில் அவன் சாமிக்குப் பக்கத்தில். படக்கதைப் புத்தகம் மாதிரிதான், ஆனால் கீழேயிருந்து மேலே படிக்கணும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் பெரியவன் ஒவ்வொரு கல்லாக ஓடிப்போய்த் தேட ஆரம்பித்துவிட்டான்.

சின்னவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆயா, அந்த மாடு வீட்டுக்கு வந்துச்சா?" நான் வந்துச்சு என்றேன். அப்பா மட்டும் இருந்திருந்தால், கல்வெட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று தேடியிருப்பார். அவர் எதையும் ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்கிற ஆள். அதனால்தான் அன்றைக்கு அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். நீயும் மாப்பிள்ளையும் அப்படி வாசிக்காதீர்கள். நாலு பொருள் போதும். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள், போகலாம் என்றால் கிளம்பிவிடுங்கள். அரைமணி நேரத்தில் அவர்களுக்குப் போதும் என்று ஆகிவிடும்.

இன்னொன்று. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டினதில் கிடைத்ததைச் சோதித்து, கி.மு. 2172-லேயே இங்கே இரும்பு புழங்கியது என்று 2022-இல் சட்டசபையில் அறிவித்தார்களே, அதைப் பெரியவனிடம் சொல்லிப் பார்த்தேன். நாலாயிரத்து இருநூறு வருஷம் என்பதெல்லாம் அவனுக்குப் புரியவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் கொல்லுப்பட்டறை இருந்ததா என்பதுதான் அவனுக்கு வேண்டும். உன் மகனுக்கு ஏழு வயசு, அவனுக்கும் வருஷக்கணக்கு வேண்டாம்.

நேரம் பார்த்துப் போகணும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. காலையில் திறந்ததும் போய்விட்டால் கூட்டம் இருக்காது, பிள்ளைகளும் அந்த நேரத்தில்தான் தெளிவாக இருப்பார்கள். வீட்டிலேயே பாத்ரூம் போய்விட்டுக் கிளம்புங்கள். தின்பதற்கு இருப்பதை வெளியில் வந்து கொடு, பையில் இருப்பது தெரிந்தால் வீரனாவது புலியாவது.

பெங்களூரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் போகலாம். கப்பன் பார்க் பக்கத்தில், கஸ்தூரிபா ரோட்டில் இருக்கிற அந்த விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் 1962-இல் திறந்தது, நல்ல இடம். ரைட் சகோதரர்கள் 1903-இல் ஓட்டின விமானத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அது 12 விநாடிதான் பறந்தது என்று சொல்லு, விமானத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு அது சிரிப்பாக இருக்கும். கோளரங்கம் வேறொரு நாள். சின்னது இருட்டுக்குப் பயப்படுகிறதா இல்லையா என்பதை நீதான் சொல்லணும்.

காரில் போனால் சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்ம ஊருக்கு ரயில் இல்லை என்கிற பழைய குறை இருக்கவே இருக்கிறது. ஓசூர் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் ஏறலாம் என்கிறார் அப்பா. பிள்ளைகளுக்கு அதுவே பாதித் திருவிழா.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. ஜூன் கடைசி வரை இருப்பதாக இருந்தால், மாங்கனிக் கண்காட்சி எப்போது என்று இங்கே விசாரித்துவைக்கிறேன். மாப்பிள்ளைக்கு மல்கோவாதானே பிடிக்கும்?

அன்புடன்,
அம்மா