கேம் செய்ய கோடிங் வகுப்புத்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இளைஞர் பக்கத்தில் மைக் பொண்ட்ஸ்மித்தை ‘2020இல் வெளியான சைபர்பங்க் 2077 என்ற கணினிக் கேமின் மென்பொருள் பொறியியலாளர்’ ஆக்கிவிட்டீர்கள். அடுத்த வரியிலேயே புத்திமதி: நல்ல கணினியும் கோடிங் வகுப்பும் இருந்தால் போதுமாம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கேமைச் செய்தது போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் நிறுவனம். பொண்ட்ஸ்மித் அதன் மூல ஆட்டத்தை 1988இலேயே கடதாசியில் அச்சிட்டு விற்றவர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பென்சிலும் பத்து முகம் கொண்ட தாயக்கட்டையும் வைத்து ஆடுவது அது. 2002இல் வந்த மோரோவிண்ட் என்ற கணினிக் கேமுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்த கென் ரோல்ஸ்டனும் இப்படிப்பட்ட மேசை ஆட்டங்களுக்குப் புத்தகங்கள் எழுதித்தான் அங்கே போனார்.

கேம் வடிவமைக்கும் தொழிலுக்கு முதலில் வேண்டியது கணக்கும் தெளிவான எழுத்தும். இரண்டு லூடோ கட்டைகளை உருட்டினால் 36 சேர்க்கைகள். ஆட்டத்தில் வீரன் ஜெயிக்க 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டுமென்றால், அதற்கு 21 வழி. விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டித்தரும் வாளை அவனுக்குக் கொடுத்தால் 26. இலக்கு 11 என்றால் அதே வாள் 3 வழியை 6 ஆக்கி, வாய்ப்பை இரட்டிப்பாக்கும். வாள், கவசம் என்று அள்ளிக்கொடுத்துக் கூட்டல் 5 ஆகிவிட்டால், 7 என்ற இலக்கு தவறவே தவறாது. பிறகு கட்டை எதற்கு? எழுதிய விதியைப் புதிதாக நாலு பேரிடம் கொடுத்துவிட்டு, எழுதியவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர்கள் தடுமாறும் வரிதான் திருத்த வேண்டிய வரி. இடையில் விளக்கம் சொன்னால் சோதனை கெட்டது. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் கொப்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வதை நான் பார்க்கிறேன். கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்பதில்லை.

ஆனால் தங்கள் பத்திரிகைக்கு மலையகம் என்றால் சம்பளப் பிரச்சினை, மண்சரிவு, மே தினத்துக்கு ஒரு கொழுந்துக்கூடைப் படம். தொழில் வழிகாட்டல் என்றால் கொழும்புப் பாடநெறி. தங்கள் கட்டுரைக்குக் கீழேயும் அப்படியொரு பாடநெறிக்கு அரைப்பக்க விளம்பரம் இருந்தது. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டணத்துக்கு இங்கே தாய்மாரின் தோடு அடகுக்குப் போகிறது ஐயா.

பொண்ட்ஸ்மித்தின் தொழிலைத் திருத்தி, மூல ஆட்டம் வந்த 1988ஐயும் சேர்த்து இரண்டு வரி போடுங்கள். முடிந்தால் இரண்டு கட்டைகளில் 2 முதல் 12 வரை எந்த எண் எத்தனை வழியில் விழும் என்ற சிறு அட்டவணையும். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஹட்டன்