அந்தக் கேப்சூலை வாங்காதே, தம்பி

அன்புள்ள தம்பி,

கல்லீரலில் கொழுப்பு என்று சொல்லி நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டையும், வாங்கலாமா என்று கேட்ட டப்பாவின் படத்தையும் பார்த்தேன். மஞ்சள், மிளகு, மில்க் திஸில் என்ற முட்செடி எல்லாம் ஒரே கேப்சூலில். வாங்காதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஃபோனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

சுகர் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். கல்லீரலும் தன் பங்குக்கு மாவுச்சத்தைக் கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கும். இதற்குச் செடியில் மருந்து தேடுவது தப்பே இல்லை. நீ தினம் போடும் மெட்ஃபார்மினுக்கே ஆதி, கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். அதிலிருந்த கலெகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே குடும்பத்து வேதிப்பொருள்களில் ஆபத்துக் குறைந்த மெட்ஃபார்மினை, 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோய்க்குக் கொண்டுவந்தார். செடியிலிருந்து உன் மாத்திரை வரை இவ்வளவு தூரம் இருக்கிறது.

டப்பாக்காரர்கள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. மருந்தியல் லேபில் இத்தனை வருஷம் இருந்தவள் என்பதால் அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்போம். சர்க்கரை ஏறும், கூடவே கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்த அளவும் ஏறும். அப்புறம் கீழாநெல்லியோ கரிசலாங்கண்ணியோ கொடுத்தால் இறங்கும். பொய் இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த எலியிடம் இன்சுலினே அநேகமாகக் கிடையாது. உன்னிடம் இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இரண்டும் வேறு நோய் என்றே சொல்லலாம். அதற்கு மேல், எலிக்குக் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம். அந்தக் கணக்குக்கு ஒரு கேப்சூல் எங்கே போதும்?

மனிதர்களிடம் பார்த்த நல்ல ஆய்வும் ஒன்று உண்டு. கோலாலம்பூரில், கொழுப்பால் கல்லீரல் வீங்கிய 99 பேரில் ஒரு பகுதியினருக்கு மில்க் திஸிலிலிருந்து எடுக்கும் சிலிமரினை 700 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, 48 வாரம் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. முக்கியமாக எதிர்பார்த்த பலன், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவாகக் கூடவில்லை. கல்லீரல் தழும்பு மட்டும் சிலருக்குக் குறைந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

எனக்குப் பயமே அந்த மஞ்சளும் மிளகும்தான். மஞ்சளின் குர்குமின் லேசில் ரத்தத்தில் சேராது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு ஏறும் என்று 1998-லேயே பெங்களூரு ஆய்வு காட்டியது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து அடைக்கிறார்கள். அதே மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஒருவர் இறந்தே போனார். கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களிலும் சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. அதைத் தாராளமாகப் போட்டுக்கொள்.

உனக்கு இப்போது வேண்டியது எடை குறைவது. நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தால் பலருக்குக் கல்லீரல் வீக்கமே அடங்கும், எந்த மூலிகைக் கேப்சூலுக்கும் இவ்வளவு ஆதாரம் கிடையாது. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கு, சாப்பிட்டதும் நட. காபி குடிக்கலாம், சர்க்கரை வேண்டாம். மெட்ஃபார்மினை நீயாக நிறுத்தாதே.

எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதே, தழும்பு இருந்தும் அது நார்மலாக இருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம், கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேள். உன் ரத்தப் பரிசோதனையில் வந்த பிளேட்லெட், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எண்களை எனக்கு அனுப்பு. வயதோடு சேர்த்து, தழும்பு இருக்கும் வாய்ப்பைக் காட்டும் ஃபிப்-4 கணக்கை நானே போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா